பழைய கிரான்பெர்ரி வயல்களிலும் வற்றிய தேக்கங்களிலும் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மாசசூசெட்ஸுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் எங்கே கிளம்புகிறாய் என்று கேட்பவர்களிடம் "கைவிட்ட கிரான்பெர்ரி வயலுக்கு" என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் வரிசையாகக் கேள்விகள் வரும். நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து போகும் பெரியவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தென்கிழக்கு மாசசூசெட்ஸ் பற்றியது. நியூ ஜெர்ஸியின் பைன் காட்டுப் பகுதியும் கொஞ்சம் வரும்.

கிரான்பெர்ரி வயல் என்றால் தண்ணீருக்குள் இருக்கும் வயல்தானே? அதில் எப்படி நடப்பது?

விளம்பரப் படங்கள் செய்த வேலை இது. சிவப்புப் பழம் மிதக்கும் குளத்தில் இருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, தாமரை மாதிரி தண்ணீரில் வளரும் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கிரான்பெர்ரி தரையோடு படரும் கொடி. வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த வயல் ஈரமான புல்தரைபோலத்தான் இருக்கும். தண்ணீர் கட்டுவது சில காரியங்களுக்கு மட்டும்.

ஒன்று, அறுவடை. பழத்துக்குள் நான்கு காற்றறைகள் உண்டு. வயலில் ஓரடி ஒன்றரை அடித் தண்ணீர் விட்டு, சுழலும் உருளை வண்டியால் கொடியை உலுக்கினால் பழம் கழன்று மேலே வந்துவிடும். அப்புறம் தண்ணீரை இன்னும் ஏற்றி, மிதவைக் கயிற்றால் வளைத்து ஒரு மூலைக்குத் தள்ளுவார்கள். இரண்டு, குளிர்காலம். வறண்ட பனிக்காற்றில் கொடி காய்ந்துபோகாமல் இருக்க டிசம்பர் வாக்கில் வயலை மூழ்கடித்து உறையவிடுவார்கள். புதுப் பழமாகவே விற்பதைத் தண்ணீர் கட்டாமல், காய்ந்த வயலிலேயே பறிக்கிறார்கள்.

உள்ளூரில் இந்த வயலை "பாக்" என்பார்கள். சதுப்பு என்று பொருள். நான் இங்கே வயல் என்றே எழுதுகிறேன். காரணம், அது ஒரு வயல்தான். கரை, மடை, வாய்க்கால் எல்லாம் உண்டு.

அது இயற்கையான சதுப்பா, மனிதர் வெட்டியதா?

இரண்டும். பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறைகள் இந்தப் பகுதியெங்கும் மணலையும், பெரிய பனிக்கட்டிகள் புதைந்து உருகிய பள்ளங்களையும் விட்டுப் போயின. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருடம் மக்கி, பீட் என்னும் கரிய மண்ணாகப் படிந்தது. புளிப்பு மண், பக்கத்திலேயே மணல், கைக்கெட்டும் தண்ணீர். கிரான்பெர்ரிக்கு வேண்டிய மூன்றும் இவைதான்.

இந்தப் பழம் வட அமெரிக்காவுக்கே உரியது. வாம்பனோவாக் மக்கள் எத்தனையோ தலைமுறையாகக் காட்டுக் கிரான்பெர்ரியைப் பறித்து வருகிறார்கள். மார்த்தாஸ் வினியர்ட் தீவில் உள்ள அக்வினா வாம்பனோவாக் மக்கள் அக்டோபரின் இரண்டாம் செவ்வாயைக் கிரான்பெர்ரி நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். பயிராக்கியது பிற்பாடுதான். கேப் காட் பகுதியின் டெனிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர், கடற்காற்று மணலைக் கொண்டுவந்து மூடிய கொடிகள் மற்றவற்றைவிடச் செழிப்பதை 1816இல் கவனித்தார். அங்கே தொடங்கியது இந்த விவசாயம். இன்றும் சில வருடத்துக்கு ஒருமுறை வயலில் மணல் போடுகிறார்கள். உறைந்த பனிக்கட்டியின் மேல் லாரியை ஓட்டி மணலைப் பரப்பிவிட்டால் போதும், வசந்தத்தில் பனி உருக உருக மணல் தானாகக் கொடிமேல் படிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த விவசாயத் தந்திரம் இதுதான்.

நடப்பவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. பழைய வாய்க்காலின் கரை சரிந்த இடத்தில் குனிந்து பாருங்கள். வெளிர் மணல், கரிய மக்கு, மறுபடி மணல், மறுபடி மக்கு என்று அடுக்கடுக்காகக் கோடு தெரியும். ஒவ்வொரு மணல் கோடும் யாரோ மணல் போட்ட ஒரு வருடம்.

இவ்வளவு பாடுபட்டு வெட்டிய வயலை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்?

விலைதான் முதல் காரணம். இந்தத் தொழிலில் பீப்பாய் என்றால் 100 பவுண்டு. 1990களின் நடுவில் பீப்பாய்க்கு 60 டாலரைத் தாண்டிய விலை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 20 டாலருக்கும் கீழே விழுந்தது. விலை ஏறியிருந்தபோது எல்லோரும் புது வயல் போட்டதன் பலன் அது. நம்மூர்த் தக்காளிக் கதைதான்.

இரண்டாவது காரணம் விஸ்கான்சின். அங்கே வயல்கள் பெரியவை, சதுரமானவை, புதிய ரகங்கள் போட்டவை. இயந்திரம் ஓட வசதி. 1990களில் அந்த மாநிலம் மாசசூசெட்ஸை முந்தியது. இன்று அமெரிக்கக் கிரான்பெர்ரியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. இங்கேயோ பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து நெளிந்த சின்ன வயல்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் 'ஏர்லி பிளாக்', 'ஹோவ்ஸ்' ரகங்கள். சுவையில் இவை குறைந்தவை அல்ல, விளைச்சல்தான் குறைவு. அப்புறம் வயதான விவசாயி, வேறு வேலைக்குப் போன பிள்ளைகள், மனைக்கு நல்ல விலை என்று மீதிக் கதை எந்த ஊரிலும் நடப்பதுதான்.

அதோடு நீர்த்தேக்கம் எங்கிருந்து வந்தது?

வயலுக்கு மேலே ஒரு தேக்கம் இல்லாமல் இந்த விவசாயம் நடக்காது. அறுவடைக்கு, குளிர்கால மூழ்கடிப்புக்கு, வசந்தத்தில் திடீர் உறைபனி விழும் இரவில் தெளிக்க என்று எப்போதும் தண்ணீர் கையிருப்பு வேண்டும். ஒரு ஏக்கர் வயலுக்கு வருடத்துக்குப் பத்து ஏக்கர்-அடி, அதாவது ஒரு ஏக்கரில் பத்தடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் என்பது இங்கே விவசாயிகள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் ஓடையை மறித்துக் கரை போட்டு, மேலே ஒரு தேக்கம், கீழே வரிசையாக வயல்கள், கடைசியில் மறுபடி ஒரு குட்டை என்று அமைப்பார்கள். மேல்வயலில் கட்டிய தண்ணீரே பலகையைத் தூக்கினால் கீழ்வயலுக்குப் போகும்.

ஏரிப் பாசனத்து ஊரில் வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்ததும் பாதி புரிந்துவிடும். முதல்முறை இப்படி ஒரு இடத்துக்கு வந்தபோது, பெயர்ப்பலகை எதுவும் படிக்காமலேயே "இது கரை, அது மதகு, தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கும்" என்று நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். மதகை இங்கே 'ஃப்ளூம்' என்கிறார்கள். சிமெண்டு அல்லது இரும்புச் சட்டம், அதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகள். பலகை எத்தனை என்பதுதான் தண்ணீர் மட்டம்.

அந்தத் தேக்கம் எப்படி வற்றுகிறது?

யாராவது பலகையை எடுத்துவிட்டால் வற்றும். பராமரிப்பு இல்லாமல் கரையில் நீரெலி வளை தோண்டி, வளை உடைப்பாகி வற்றும். 2016, 2022 போன்ற வறட்சி வருடங்களில் பாதி வற்றி அடி தெரியும். இப்போது அதிகம் நடப்பது, சதுப்பை மீட்பதற்காக அரசும் அறக்கட்டளைகளும் வேண்டுமென்றே அணையை எடுப்பது.

சில இடத்தில் தலைகீழாகவும் நடக்கும். மனிதர் விட்டுப்போன கரையை, மரம் வெட்டி அணை கட்டும் பீவர் என்ற விலங்கு வந்து அடைத்து, வற்றிய தேக்கத்தை மறுபடி நிரப்பிவிடும். போன வருடம் நடந்த பாதை இந்த வருடம் முழங்கால் தண்ணீரில் இருந்தால் திகைக்க வேண்டாம். புது முதலாளி வந்திருக்கிறார்.

கைவிட்ட இடம்தானே, யாரைக் கேட்க வேண்டும்?

கைவிட்டது போலத் தெரிவது வேறு, உரிமையாளர் இல்லாதது வேறு. இங்கே பெரும்பாலான பழைய வயல்கள் தனியார் நிலம். ஐந்தாறு வருடம் களை மண்டிக் கிடந்த வயலில் மறுபடி கொடி நடுவதும் உண்டு. மதகில் புதுப் பலகை, ஓடும் பம்ப், வெட்டிய கரைப்புல் இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அது உயிருள்ள வயல். திரும்பிவிடுங்கள். கொடிமேல் கால் வைப்பது நெல் வயலில் குறுக்கே நடப்பதற்குச் சமம்.

குளங்கள் விஷயத்தில் ஒரு பழைய விதி உண்டு. மாசசூசெட்ஸில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளங்கள் பதினேழாம் நூற்றாண்டுக் குடியேற்றச் சட்டத்திலிருந்து பொதுச்சொத்து. ஆனால் வயலுக்காகக் கட்டிய செயற்கைத் தேக்கம் இதில் அடங்காது. "குளம்தானே, பொதுதானே" என்று உள்ளே போய்விடக் கூடாது.

நிம்மதியாக நடக்க வேண்டுமானால், பொதுமக்களுக்கென்று திறந்துவிட்ட பழைய வயல்களே போதும். தாராளமாக இருக்கின்றன.

அப்படியென்றால் முதலில் எங்கே போகலாம்?

டிட்மார்ஷ். கேள்வியே வேண்டாம். பிளிமத் நகரின் மானமெட் பகுதியில் இருக்கிறது. 2010இல் கடைசி அறுவடை. பிறகு மீட்புப் பணி. 2017இல் மாஸ் ஆடுபான் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை 481 ஏக்கர் வனவிலங்குச் சரணாலயமாகத் திறந்தது. ஒன்பது சிறு அணைகளை எடுத்தார்கள். நேர்கோட்டு வாய்க்கால்களைத் தூர்த்து, ஓடைக்கு வளைந்து நெளிந்த புதுத் தடம் வெட்டினார்கள். சமமாக இருந்த வயல் தரையை வேண்டுமென்றே மேடும் குழியுமாகக் கிளறிவிட்டார்கள். முதலில் பார்த்தபோது, வேலையை முடிக்காமல் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. நூறு வருட மணல் மேலே கனமாகப் படிந்து, நிலத்தை அடியிலிருக்கும் ஈரத்திலிருந்து பிரித்துவிட்டது. குழி தோண்டினால்தான் ஈரம் மேலே வரும், சதுப்புச் செடி பிழைக்கும். அதைவிட ஆச்சரியம், மணலுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்ததுதான். எல்லாவற்றையும் நட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே ஈல் ரிவர். இதே வகை மீட்பு, கொஞ்சம் முந்தையது. அட்லாண்டிக் வெள்ளை சீடர் கன்றுகள் மட்டும் சுமார் 17,000 நட்டார்கள். டிட்மார்ஷை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால், இன்னும் சில வருடத்தில் அது எப்படியிருக்கும் என்று ஓரளவு தெரியும். கேப் காட் பக்கம் போகிறவர்கள் ஃபால்மத்தில் கூனமெசெட் ஆற்றோரம் நடக்கலாம். அங்கே வயல்களை மறுபடி ஆறாக்கும் வேலை 2020இல் முடிந்தது.

நியூ ஜெர்ஸியில் இருப்பவர்களுக்கு டபுள் டிரபிள் மாநிலப் பூங்கா. பெயருக்குக் காரணம், அடுத்தடுத்து இரண்டு முறை அணை உடைந்ததுதான் என்று ஊர்க்கதை. மர அறுவை ஆலை, பழம் தரம்பிரித்துக் கட்டும் கூடம், சிறு வீடுகள் என்று ஒரு முழுக் கம்பெனி கிராமமே நிற்கிறது. 1964இல் அரசு வாங்கியது. சுற்றிலும் பழைய வயல்கள், நடுவே சீடர் க்ரீக் ஓடை. கொஞ்சம் தள்ளி ஒயிட்ஸ்பாக். எலிசபெத் ஒயிட் என்ற விவசாயி, தாவரவியலாளர் ஃபிரெடரிக் கொவில் என்பவருடன் சேர்ந்து காட்டு புளூபெர்ரியைப் பயிராக்கி, 1916இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பிய இடம். இன்று டப்பாவில் வாங்கும் புளூபெர்ரிக்குப் பூர்வீகம் இந்தக் கிரான்பெர்ரிப் பண்ணைதான். குளிர்காலத்தில் தேக்கங்களில் டண்ட்ரா அன்னங்கள் வந்து இறங்கும்.

எந்த மாதம் நல்லது?

என்னைக் கேட்டால் நவம்பர் கடைசியும் மார்ச் முடிவும். இலை இல்லை, கொசு இல்லை, நிலத்தின் எலும்பு தெரியும். கரை எங்கே வளைகிறது, வாய்க்கால் எங்கே பிரிகிறது என்பதெல்லாம் கோடையில் பச்சையில் மறைந்துவிடும். அறுவடையைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, உயிருள்ள பண்ணைகளுக்கு.

ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளைத் தவிருங்கள். ஈஸ்டர்ன் எக்வைன் என்செஃபலைட்டிஸ் என்ற கொசுக் காய்ச்சல் அரிதானது, ஆனால் மூளையைத் தாக்கும். இந்தச் சதுப்புகள்தான் அதன் வீடு. 2019இல் மாசசூசெட்ஸில் 12 பேருக்கு வந்தது, சிலர் இறந்தார்கள். இலையுதிர்காலத்தில் மான் வேட்டைப் பருவமும் உண்டு. அப்போது ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டோரம் போகக் கூடாது. மாசசூசெட்ஸில் ஞாயிறு வேட்டைக்கு நெடுங்காலமாகத் தடை இருப்பதால் நான் அந்த மாதங்களில் ஞாயிறு மட்டும் போவேன். அந்தந்த வருட விதியைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயலை விட்டு எத்தனை வருடம் ஆனது என்று பார்த்தே சொல்ல முடியுமா?

குத்துமதிப்பாக முடியும், இதில்தான் சுவாரசியமே. முதல் சில வருடம் கொடிதான் ஆளும். நடுவே கோரை, புல், மஞ்சள் பூ கோல்டன்ராட் தலைகாட்டும். அப்புறம் மணல் கனமாக இருக்கும் இடத்தில் பிட்ச் பைன் கன்றுகள், ஈரமான இடத்தில் சிவப்பு மேப்பிள். இருபது முப்பது வருடத்தில் மேப்பிள் தலைக்கு மேலே போய்விடும். அதன் நிழலிலும் குனிந்து தேடினால் கிரான்பெர்ரிக் கொடி ஒன்றிரண்டு இழையாவது கிடைக்கும், பழம் மட்டும் இருக்காது.

மரமெல்லாம் வளர்ந்து முழுக் காடாகிவிட்டாலும் வாய்க்கால் காட்டிக்கொடுக்கும். இயற்கை நேர்கோடு போடாது. காட்டுக்குள் கால்வைத்த இடத்தில் ஓர் அடி அகலப் பள்ளம் நேராக ஓடி, சரியாக மூலை திரும்பினால், நீங்கள் வயலுக்குள் நிற்கிறீர்கள். கிளம்பும் முன் பழைய அரசு நில வரைபடங்களைப் பாருங்கள். லைடார் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும் படம் அது. வாய்க்கால்கள் கட்டம்போட்ட நோட்டு மாதிரி தெரியும்.

வற்றிய தேக்கத்தின் அடித்தரையில் இறங்கி நடக்கலாமா?

வெடித்துக் காய்ந்த களிமண் போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். நம்மூர் ஏரி வற்றினால் கிரிக்கெட் ஆடலாம். இங்கே அடியில் இருப்பது பீட். மேலே இரண்டு அங்குலம் காய்ந்திருக்கும், கீழே கூழ். நான் ஒருமுறை பறவைக் காலடி பார்க்கிறேன் என்று கரையிலிருந்து பத்தடி உள்ளே போய் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். காலை இழுத்தேன், கால் வந்தது, கம்பூட் வரவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த மருமகனை மாமியார் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள் மனைவி.

கரைமேலேயே நடங்கள், அதுதான் பாதை. இறங்கியே ஆக வேண்டுமென்றால் மணல் ஓரத்தில், கையில் கோல் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்து, தனியாக இல்லாமல். சிக்கிக்கொண்டால் நின்றபடி திமிறாதீர்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, மெதுவாகக் காலை உருவுங்கள்.

வாய்க்காலும் ஆபத்தானதுதான். பாசி மூடியிருந்தால் தரை மாதிரியே இருக்கும். மதகுப் பக்கம் பலகையைத் தொடாதீர்கள். கீழே யாருடைய வயலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உளுத்த நடைபலகைமேல் ஏறவும் வேண்டாம்.

உண்ணி பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டாம், ஆனால் சோம்பக் கூடாது. உண்ணி பரப்பும் லைம் நோயின் பெயரே பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் லைம் ஊரிலிருந்து வந்ததுதான். மே முதல் ஜூலை வரை வரும் இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும். கடித்தால் வலிக்காது. வெளிர் நிறப் பேண்ட், அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, துணிக்கு மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளிப்பது (தோலில் பூசக் கூடாது), புல்லை உரசாமல் பாதை நடுவே நடப்பது. வீட்டுக்கு வந்ததும் குளியல். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் தேடுங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். நோய் தொற்ற, பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாவிட்டால், உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேளுங்கள், அந்த அவகாசத்துக்குள் தரும் தடுப்பு மருந்து உண்டு.

தொடக் கூடாத செடிகள்?

பாய்சன் ஐவியை எல்லோரும் சொல்வார்கள்: மும்மூன்று இலையாக இருக்கும், தொட்டால் அரிப்பும் கொப்புளமும். சதுப்போரத்தில் அதைவிட மோசமானது பாய்சன் சுமாக் என்ற சிறு மரம். சிவந்த காம்பில் ஏழு முதல் பதின்மூன்று சிற்றிலைகள், வெளிர்ந்த காய்க்கொத்து; இலையுதிர்காலத்தில் மிக அழகாகச் சிவக்கும், ஒடித்துக்கொண்டு வரத் தோன்றும். இவை நம்முடைய மா, முந்திரி, சேங்கொட்டை சேர்ந்த குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் வாய் புண்ணாகிறவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருங்கள்.

பாம்பு?

பார்ப்பது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. பைன் காட்டில் கிலுகிலுப்பை விரியன் உண்டு, அபூர்வம். கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கை வையுங்கள்.

தண்ணீர் ஏன் டீ நிறத்தில் இருக்கிறது? மேலே எண்ணெய்ப் படலம் வேறு. சாக்கடை கலந்திருக்கிறதா?

நிறம், சீடர் மரமும் மக்கிய இலையும் விடும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தது. டிகாக்‌ஷன் இறங்குவது போலத்தான். படலத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது: குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய்.

அந்த இரும்பு சாதாரணமானதில்லை. நிலத்தடி நீரில் கரைந்து வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் படிந்து, காலப்போக்கில் கட்டியாகும். சதுப்பு இரும்பு என்று அதைத் தோண்டி உருக்கினார்கள். மாசசூசெட்ஸின் சாகஸ் இரும்பாலை 1640களில் ஓடியது இந்த இரும்பில்தான். கார்வர் ஊரிலும், நியூ ஜெர்ஸிப் பைன் காட்டிலும் பல உலைகள் இருந்தன. பென்சில்வேனியாவில் நிலக்கரியும் நல்ல தாதும் கிடைத்ததும் உலைகள் அணைந்தன. தோண்டிய பள்ளமும் உலைக்காகக் கட்டிய அணையும் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் பல கிரான்பெர்ரி வயல்கள் வந்தன. வாய்க்காலில் ஆரஞ்சுச் சேறு பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குவாபின் தேக்கத்தில் மூழ்கிய ஊர்கள் வறட்சியில் வெளியே வருமாமே, போய்ப் பார்க்கலாமா?

இது கிரான்பெர்ரிக் கதை இல்லை, ஆனால் தேக்கம் என்றாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பாஸ்டனின் குடிநீருக்காக டானா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களை 1938 ஏப்ரல் 28இல் சட்டப்படி இல்லாமலாக்கினார்கள். 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைக்கூடத் தோண்டி இடம் மாற்றினார்கள். 1939இல் நிரம்பத் தொடங்கி 1946இல் நிரம்பியது. 1960களின் நீண்ட வறட்சியில், 1967 வாக்கில், பாதிக்கும் கீழே இறங்கியது.

மேலே தெரியும் கோபுரம், தேவாலயம் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மூழ்கடிக்கும் முன்பே கட்டடங்களை இடித்து அகற்றிவிட்டார்கள். குடிநீர் என்பதால் அங்கே விதிகளும் கடுமை. பார்க்க வேண்டியது மூழ்காமல் தப்பிய டானா ஊர்த்திடல். பீட்டர்ஷாம் பக்கம் 40ஆம் எண் வாயிலிலிருந்து பழைய தார்ச்சாலையில் சுமார் இரண்டு மைல் நடை. வீட்டு நிலவறைக் குழிகள், கல் படிகள், ஒரு நினைவுக்கல். படி ஏறினால் மேலே வீடு இருக்காது.

பழைய பொருள் கிடந்தால் எடுத்து வரலாமா?

வேண்டாம். மரச் சீப்பு வைத்த பறிக்கும் கூடை, பம்ப் துண்டு, மணல் வண்டித் தண்டவாளம் எதுவாயிருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இந்த வயல்களில் மண்டியிட்டுப் பறித்தவர்களில் பலர் கேப் வெர்டே தீவுகளிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். அவர்கள் விட்டுப்போன அடையாளம் அதிகம் இல்லை.

குழந்தைகளை, நாயைக் கூட்டிப்போகலாமா?

குழந்தைகளைத் தாராளமாக. டிட்மார்ஷில் மரப்பலகை நடைபாதைகளும் உண்டு. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியையும், பசை மின்னும் ட்ரொசீராவையும் தேட நியூ ஜெர்ஸிப் பைன் காடு இன்னும் நல்லது. பிள்ளைகள் அரை நாள் அசைய மாட்டார்கள். நாய்க்கு மாஸ் ஆடுபான் சரணாலயங்களில் அனுமதி இல்லை.

வயலில் மிச்சம் இருக்கும் பழத்தைப் பறித்துத் தின்னலாமா?

சரணாலயங்களில் பறிக்கக் கூடாது. அனுமதி உள்ள இடத்திலும் நான் பழைய வயல் பழத்தை யோசித்துத்தான் வாயில் வைப்பேன். இருபதாம் நூற்றாண்டில் இந்த வயல்களில் ஈய ஆர்சனேட்டும், அப்புறம் டிடிடியும் தெளித்திருக்கிறார்கள். மண்ணில் ஆர்சனிக்கும் ஈயமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. சேற்றுக் கையோடு சாப்பிடாதீர்கள், வீட்டு வாசலிலேயே பூட்ஸைக் கழுவிவிடுங்கள். மருந்துப் பயம் இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல: 1959 நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்குச் சில வாரம் முன்பு, சில கிரான்பெர்ரிகளில் அமினோட்ரயசோல் என்ற களைக்கொல்லி கலந்திருப்பதாக மத்திய அமைச்சர் ஆர்தர் ஃப்ளெமிங் அறிவித்தார். அந்த வருட விற்பனை அப்படியே படுத்துவிட்டது.

பழம் வேண்டுமென்றால் அக்டோபரில் பண்ணை வாசலில், தண்ணீர் கட்டாமல் பறித்ததா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் நாங்கள் களாக்காய் ஊறுகாய் போடுவது போலவே போடுகிறோம். பழத்தை இரண்டாக நறுக்கி, உப்பு, மஞ்சள் போட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, வறுத்த வெந்தயப் பொடி, மிளகாய்ப் பொடி, காய்ந்த நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். புளிப்பு அதுவே கொடுத்துவிடும், எலுமிச்சை தேவையில்லை. துவர்ப்பு மட்டும் களாக்காயைவிட ஒரு பிடி கூட, அதனால் கொஞ்சம் வெல்லம். தயிர்சாதத்துக்கு.